ஆச்சிமாருக்கு ஒரு புற்றுநோய் டாக்டர்

கேள்வி: பாளையங்கோட்டையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். சொந்த ஊர் முக்கூடல் பக்கம். எங்கள் ஆச்சிக்கு 76 வயது. மார்பில் கட்டி இருந்ததை ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்ததும் மாமாமார், "இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு?" என்றார்கள். ஒரு டாக்டர் மட்டும் ஆச்சியிடமே உட்கார்ந்து பேசி, ஆபரேஷன் செய்து, லெட்ரோசோல் என்ற ஹார்மோன் குறைப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆச்சி மறுபடியும் பீடி சுற்றுகிறாள். வயதான பெண்களின் மார்பகப் புற்றுநோயையே என் துறையாக எடுக்க ஆசை. அப்பாவோ, "அப்படி ஒரு படிப்பே கிடையாது, ஸ்கின் எடு" என்கிறார். நாள் முழுக்கச் சாவைப் பார்க்க முடியுமா என்று எனக்கும் பயம்.
— ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

மகளே, அப்பா சொல்வதில் பாதி சரி. அந்தப் பெயரில் நம் நாட்டில் எம்.டி. கிடையாது. ஆனால் வேலை இருக்கிறது. உன் ஆச்சிக்கு அந்த டாக்டர் செய்தது அந்த வேலைதான்.

முதலில் நீ முழுப் புற்றுநோய் மருத்துவராக வேண்டும். நீட் பி.ஜி. எழுதி மூன்று வருடம் எம்.டி. பொது மருத்துவம். அப்புறம் மேல்சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். எழுதி மூன்று வருடம் டி.எம். மருத்துவப் புற்றுநோயியல், அதாவது மருந்தால் புற்றுநோயைக் கவனிக்கும் துறை. அறுவை சிகிச்சை பிடிக்கும் என்றால் எம்.எஸ்., அதன்மேல் எம்.சிஎச். கதிர்வீச்சு என்றால் எம்.டி. மூன்று வருடத்தோடு முடியும். தேர்வுக்குப் படிக்கும் காலமும் சேர்ந்தால் 31, 32 வயது ஆகிவிடும். இடையில் கல்யாணப் பேச்சு வரும். அதை இப்போதே வீட்டில் பேசிவிடு.

இனி வேலைக்கு வருவோம். மார்பில் கட்டியோடு வரும் வயதான பெண்ணுக்கு இரண்டு விதமாக அநியாயம் நடக்கிறது. ஒன்று, உன் மாமாமார் சொன்னது: வயசாச்சு, விட்டுவிடலாம். இன்னொன்று, 45 வயதுக்காரிக்கு எழுதும் சிகிச்சையை யோசிக்காமல் அப்படியே 76 வயதுக்காரிக்கும் எழுதுவது.

2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு வழக்கமான கீமோவையும், அதைவிட லேசானது என்று கருதப்பட்ட கேப்சைட்டபின் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு. பாவம், வயசானவள் என்று இரக்கப்பட்டுக் குறைத்ததால் வந்த கேடு அது.

நேர் எதிரான கதையும் உண்டு. 70 வயதைத் தாண்டிய, ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படும் சிறு கட்டியுள்ள பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்து, டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை கொடுத்து, பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு சேர்த்தும் மீதிப் பேருக்குச் சேர்க்காமலும் பார்த்தார்கள். 2013இல் வந்த பத்து வருடக் கணக்குப்படி, கதிர்வீச்சு பெற்றவர்களில் 100க்கு 2 பேருக்கும், பெறாதவர்களில் 100க்கு 10 பேருக்கும் அதே பக்கத்து மார்பிலோ அக்குளிலோ நோய் திரும்பியது. ஆயுளில் வித்தியாசமே இல்லை. திசையன்விளையிலிருந்து வாரக்கணக்கில் தினமும் பஸ் ஏறிக் கதிர்வீச்சுக்கு வர வேண்டிய ஒரு ஆச்சிக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் மாத்திரையை ஐந்து வருடம் விடாமல் போடுவாளா, வாங்கித் தர ஆள் உண்டா என்று தெரிந்துகொள்ளாமல் இந்தச் சலுகையைக் கொடுக்கக் கூடாது.

அவள் உடம்பு எவ்வளவு சிகிச்சை தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முறை இருக்கிறது. ஜி8 என்று எட்டுக் கேள்விகள்: சாப்பாடு குறைந்ததா, எடை இறங்கியதா, வெளியே நடமாட்டம் உண்டா, ஞாபகம் எப்படி, தினம் மூன்றுக்கு மேல் மருந்தா, உன் வயதுக்காரர்களோடு பார்த்தால் உன் உடம்பு எப்படி என்றெல்லாம் போகும். 17 மதிப்பெண்ணில் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஆர்த்தி ஹுரியா, 65 வயதைத் தாண்டியவருக்குக் கீமோ எவ்வளவு ஆபத்தாகும் என்று முன்கூட்டியே கணிக்க 2011இல் ஒரு கணக்கைத் தந்தார். மார்பகப் புற்றுநோயும் முதுமையும்தான் அவருடைய துறை. 2018இல் 48 வயதில் விபத்தில் இறந்துபோனார். அவர் எழுதியதைத் தேடிப் படி. நீ கேட்கும் துறை எவ்வளவு ஆழமானது என்று தெரியும்.

எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாதவற்றை நம் ஊர்க்காரியான நீதான் கேட்க முடியும். பாக்லிடாக்செல் மாதிரி கீமோ மருந்துகள் விரல்களை மரத்துப்போகச் செய்யும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் பெண்ணுக்கு விரல்தான் சோறு. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தால் கை வீங்கலாம். அப்புறம் இடுப்பில் குடம் ஏற்றுவது யார்? "என்ன வேலை செய்வீங்க ஆச்சி, வீட்ல கூட யார் இருக்கா?" என்று மகனை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடமே கேள். கட்டியை ஒரு வருடம் மறைத்ததற்குக் காரணமும் அப்போதுதான் வரும். பெரும்பாலும் வெட்கம், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற எண்ணம்.

சாவைப் பற்றிய பயத்துக்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். வயதானவர்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. சீக்கிரம் வந்தவர்களில் பலரை வருடக்கணக்கில் செக்கப்பில் பார்ப்பாய். உன் ஆச்சி மாதிரி லெட்ரோசோல் போடுகிறவர்களுக்கு எலும்புத் தேய்மானத்தைக் கவனிப்பது, மூட்டுவலி கேட்பது, கீழே விழாமல் பார்ப்பது என்றே பாதி நாள் போகும். (ஆச்சிக்கு எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாச்சா என்று விசாரி.) ஆனால் நம் பக்கம் கட்டி புண்ணாகி வெடித்தபிறகு வருபவர்களும் உண்டு. அவர்களில் சிலரை இழப்பாய். வலி தணிக்கும் சிகிச்சையை, மார்ஃபினைச் சரியாகக் கையாள்வதை, ஆரம்பத்திலேயே கற்றுக்கொள். வலியில்லாமல் ஒருத்தியை வழியனுப்ப முடிந்த டாக்டருக்கு இந்த வேலை தாங்கும்.

பிழைப்புக்குக் குறை வராது. புற்றுநோய் மருத்துவருக்கு வேலை கிடைக்காமல் போகாது. நம் சனம் இன்னமும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி., சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு ரயில் ஏறுகிறது. 76 வயதில் அந்தப் பயணமே பாதி நோய்.

அப்பாவுக்கு ஒன்று சொல். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். அது பிறகு எம்.டி. படிப்பாகவே வளர்ந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இன்று மூத்த புற்றுநோயாளிகளுக்கென்றே கிளினிக் நடக்கிறது. டி.எம். சமயத்தில் அங்கே கொஞ்ச நாள் போய் இருக்கப் பார்.

இப்போதைக்கு, ஆச்சியைப் பார்த்த டாக்டரிடம் அனுமதி கேட்டு ஓ.பி. நாளில் ஓரமாக உட்கார். கவுன்சிலிங்கில் பொது மருத்துவத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் கல்லூரியில் புற்றுநோய்ப் பிரிவும் முதியோர் பிரிவும் இரண்டும் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே பட்டியல் போடு.