கிளிநொச்சி ஏஆர்எம் கணினியில் ஃபிப்ஸ் தொகுதி ஏற்கப்படாத சிக்கல்

வவுனியாவின் இன்டெல் கணினியிலிருந்து உள்ளமைவுக் கோப்பைப் பிரதியெடுத்தபின், கிளிநொச்சியின் ஏஆர்எம் கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க மென்பொருள் நூலகம்) தன் ஃபிப்ஸ் தொகுதியை ஏற்க மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிப்ஸ் என்பது குறியாக்கத்துக்கான அமெரிக்க அரசின் தரநிலை. பிரதியெடுத்த அந்த ஃபிப்ஸ் உள்ளமைவுக் கோப்பை அழித்துவிட்டு, கிளிநொச்சிக் கணினியிலேயே ‘ஓப்பன்எஸ்எஸ்எல் ஃபிப்ஸ்இன்ஸ்டால்’ கட்டளையை ஓட்டிப் புதிதாக உருவாக்குங்கள்.

நீங்கள் இட்டிருக்கும் ‘முழுமைச் சோதனை தோல்வி’ என்ற பிழைக்குப் பெரும்பாலும் அந்தக் கோப்புத்தான் காரணம். அதில் இருப்பது தொகுதியின் எச்மாக் மதிப்பு, அதாவது தொகுதி மாறவில்லை எனச் சரிபார்க்கும் கைரேகை போன்ற எண். இன்டெலுக்குத் தொகுத்த தொகுதியும் ஏஆர்எம்முக்குத் தொகுத்ததும் பைட்டுக்குப் பைட் வேறு. மதிப்பு எப்படிப் பொருந்தும்? ஒரே வகைக் கணினிகளுக்கிடையிலும் இக்கோப்பை நகலெடுக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் தன்சோதனை (தொகுதி தன்னைத்தானே சோதிப்பது) தனியாக ஓட வேண்டும்.

ஆனால் அழிக்குமுன் தொகுதிக் கோப்பின் ஷா-256 மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் இன்னொரு கைரேகை), தொகுத்த கணினியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். திடீர் மின்வெட்டில் எஸ்டி அட்டை பழுதானாலும் இதே பிழை வரும். அவசரப்பட்டுப் புதிய மதிப்பை எழுதினால் பழுது மறைந்துவிடும்.

பிறகு ஃபிப்ஸ் மட்டும் என்ற அமைப்பில், ஃபிப்ஸ் ஏற்காத பழைய முறையான எம்டி5 கேட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால், இயல்புநிலை வழங்குநர் (ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஃபிப்ஸ் அல்லாத வழக்கமான பகுதி) இன்னும் ஏற்றப்பட்டிருக்கிறது.

உங்கள் சங்கத்தின் கணக்காய்வாளருக்கு ‘சான்று பெற்றது’ என்று எழுதிக் கொடுக்குமுன் நிதானியுங்கள். தன்சோதனை வெற்றி வேறு, சான்று வேறு. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.1.2 தொகுதி ஃபிப்ஸ் 140-3 சான்று பெற்றதுதான்; ஆயினும் அச்சான்றுக்குரிய பாதுகாப்புக் கொள்கை ஆவணத்தின் அட்டவணையில் உள்ள இயங்குதளமும் செயலியும் மட்டுமே ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட்டவை. உங்கள் கணினிப் பலகை அதில் இல்லையென்றால், மூல நிரலை மாற்றாதவரை ஓட்டலாம், பொறுப்பு உங்களுடையது. ஒரு வரி திருத்தினாலும் அந்தச் சான்றை மறந்துவிடுங்கள்.