இன்சுலின் பம்ப் செயலி, கடவுச்சொல் கேட்காமலேயே பயனரை அறிந்துகொள்ள முடியுமா?

நீரிழிவு நோயாளியின் உடலில் இன்சுலினைச் செலுத்தும் சிறு கருவியான இன்சுலின் பம்பை இயக்கும் கைபேசிச் செயலி, ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமல், உணரிகளை வைத்தே உரிய பயனரை அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் அதை மட்டும் நம்பி மருந்தளவை மாற்ற விடுவது சரியல்ல என்பது என் கருத்து.

கைபேசியிலுள்ள, அசைவை அளக்கும் முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் சுழல்மானியும் ஒருவரின் நடையையும், கருவியை அவர் பிடிக்கும் கோணத்தையும் பதிவு செய்கின்றன. தொடுதிரையிலிருந்து விரல் நகரும் வேகம் கிடைக்கிறது. தொடக்கத்தில் இவற்றிலிருந்து உருவாக்கப்படும் மாதிரியோடு புதிய அளவீடுகளை மென்பொருள் பின்னணியில் தொடர்ந்து ஒப்பிட்டு, கைபேசியை வைத்திருப்பவர் உரியவர்தானா என்பதைக் காட்டும் ஒரு நம்பக மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறது. மதிப்பெண் குறைந்தால் கைரேகையோ இரகசிய எண்ணோ (PIN) கேட்கப்படும்.

சிக்கல் நோயிலேயே இருக்கிறது. இரத்தச் சர்க்கரை தாழும்போது கை நடுங்கலாம், நடை தளரலாம், வியர்வையால் தொடுதிரைப் பதிவும் பிசகலாம்; ஆகவே உதவி மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே உரியவரை அந்நியர் என்று மென்பொருள் முடிவு செய்துவிடக்கூடும். எனவே, இன்சுலினைத் தற்காலிகமாக நிறுத்துவது போன்ற, ஒப்பீட்டளவில் ஆபத்துக் குறைந்த செயல்களை எளிதில் எட்டும்படி வைத்து, கூடுதல் மருந்து செலுத்தும் கட்டளைக்கு மட்டும் வெளிப்படையான உறுதிப்படுத்தலைக் கேட்பதே முறை. நடை மாதிரியைக் கடவுச்சொல்லைப் போல மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், அது பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டுக் கைபேசிக்குள்ளேயே இருக்க வேண்டும்.