காற்றை அழுத்த முடிகிறது, நீரை ஏன் அழுத்த முடிவதில்லை?

ஊசி நீக்கிய சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்தினால், உள்ளே காற்று இருக்கும்போது அது எளிதில் இறங்குகிறது, நீர் இருக்கும்போது அசைவதே இல்லை. இதற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்கள்.

மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள வெற்றிடமே காரணம். 1 கிராம் நீர் 100 டிகிரி செல்சியஸில் முழுவதும் ஆவியானால், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 1,670 மில்லிலிட்டர் இடத்தை நிரப்பும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடவில்லை; அவற்றுக்கு இடையிலான தொலைவு மட்டுமே பெருகியிருக்கிறது. காற்றிலும் இத்தகைய இடைவெளி இருப்பதால்தான் தண்டு இறங்குகிறது. நீரிலோ மூலக்கூறுகள் நெருங்கிக் கிடப்பதால், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்கு கொடுத்தாலும் அதன் பருமன் அரை விழுக்காடு அளவே குறையும். ஆயினும் அவை ஒன்றையொன்று கடந்து நகரக்கூடியவை என்பதால், நீர் ஓடுகிறது, பாத்திரத்தின் வடிவத்தையும் ஏற்கிறது. திண்மத்தில் துகள்கள் தத்தம் இடத்திலேயே நின்று அதிர்கின்றன.

பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்கும். நீரோ, என்னை எப்போதும் வியக்கவைக்கும் வகையில், ஹைட்ரஜன் பிணைப்புகளால் (நீர் மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள ஈர்ப்பால்) இடைவெளி மிகுந்த படிக அமைப்பைப் பெற்று, சுமார் 9 விழுக்காடு விரிகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதும், விளிம்புவரை நீர் நிரப்பி மூடிய கண்ணாடிப் புட்டி ஃப்ரீசரில் வெடிப்பதும் இதனால்தான்.