வாசகர் கேள்வி – பதில்: பைக் மீட்டரும் வீட்டில் கட்டிய காரும்

கேள்வி: அழகர்கோவில் அருகிலுள்ள எங்கள் மாந்தோப்புக்குள் ஓட்டுவதற்காக, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 எஞ்சினைப் பின்பக்கம் பொருத்தி, ஃபைபர் பாடியுடன் சிறிய கார் ஒன்றைக் கட்டி வருகிறேன். மதுரையில் ஒரு பழைய உதிரிபாகக் கடையில், ஒற்றை சிலிண்டர் பைக் ஒன்றின் மீட்டரையும் முன்சக்கர சென்சாரையும் வாங்கிப் பொருத்தினேன். மெக்கானிக்கின் டைமிங் லைட் 900 ஆர்.பி.எம். என்று காட்டும்போது மீட்டர் 1350 காட்டுகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் முள் நடுங்குகிறது. செல்போனில் 30 கி.மீ. வேகம் என்றால் மீட்டரில் 35 வருகிறது. டேங்க் காலியாக இருந்தால் 'ஃபுல்' என்கிறது. மீட்டர் பழுது என்று சொல்லி மாற்றி வாங்கிய அதே மாடலின் இன்னொரு மீட்டரும் அப்படியே செய்கிறது. மூன்றாவது வாங்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: வாங்க வேண்டாம். இரண்டு மீட்டர்கள் ஒரே அளவில் ஒரே தவறைச் செய்கின்றன என்றால், அவை பழுதானவை அல்ல என்பதற்கு அதுவே சான்று. அவை இன்னும் பழைய பைக்கின் கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஆர்.பி.எம்., அதாவது எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகள். பெரும்பாலான ஒற்றை சிலிண்டர் பைக்குகளில் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஸ்பார்க் வரும். பாதி ஸ்பார்க் வீணாகப் போனாலும் மீட்டர் அதையும் சேர்த்தே எண்ணுகிறது. உங்கள் எஞ்சினில் மூன்று சிலிண்டர்களுக்கும் ஒரே இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்), அதைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஸ்பார்க் தருவதால், இரண்டு சுற்றுக்கு மூன்று, அதாவது சுற்றுக்கு ஒன்றரை துடிப்புகள் வருகின்றன. 900-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 1350 வருகிறது. நீங்கள் எழுதிய எண்ணும் அதுதான். சில முள் மீட்டர்களின் உள்ளே திருகிச் சரிசெய்யும் சிறிய ரெசிஸ்டர் இருக்கும். ஆனால் நான் வேறு வழியைப் பரிந்துரைப்பேன். கிராங்க் புல்லியில் ஒரு சிறு காந்தத்தை உறுதியாகப் பதித்து, எதிரே, காந்தம் கடக்கும்போதெல்லாம் துடிப்பு தரும் ஒரு ஹால் சென்சாரை வைத்தால், சுற்றுக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். மீட்டர் வயரை நீங்கள் காயிலின் நெகட்டிவ் முனையில் நேரடியாகக் கொடுத்திருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு கணமும் அந்த முனையில் சில நூறு வோல்ட் எழும். அதைத் தாங்கும்படி அமைக்கப்படாத மீட்டர் ஒருநாள் உண்மையிலேயே பழுதாகிவிடும்.

முள் நடுங்குவது எர்த் கோளாறு என்றே நினைக்கிறேன். ஃபைபர் பாடி மின்சாரத்தைக் கடத்தாது. குழாய்ச் சட்டத்தின் மேலுள்ள பெயின்ட்டும் கடத்தாது. வண்டியை வீட்டில் கட்டுகிறவர்கள் பலர் எர்த் வயரைப் பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் மீட்டரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை மீட்டரின் எர்த் வயரிலும் தொட்டுப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மீட்டரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனிக் கறுப்பு வயர் ஒன்றை இழுத்துவிடுங்கள். சிக்னல் வயரை ஸ்பார்க் பிளக் வயர்களுடன் சேர்த்துக் கட்டாமல் விலக்கிக் கொண்டுவருவதும் நல்லது.

வேகத்தில் வரும் பிழை டயரின் சுற்றளவால் வருவது. பைக்குகளில் வரும் 2.75–18 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.87 மீட்டர் ஓடும். மாருதி 800-இன் 145/70 ஆர் 12 டயர் 1.6 மீட்டர்தான் ஓடும். வகுத்துப் பார்த்தால் 1.17 வருகிறது, 30-க்கு 35 காட்டுவதும் அதே விகிதம்தான். துடிப்புகளைக் குறைத்து அனுப்பும் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டை எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர் ஒருவரே செய்து தந்துவிடுவார். தோப்புக்குள் மட்டும் ஓட்டுவதற்கு அதுவும் தேவையில்லை. காட்டும் எண்ணில் ஏழில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள், ஓடிய தூரத்துக்கும் அதே கணக்குப் பொருந்தும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட இடமளிக்காததால், சோதனை ஓட்டத்தையும் வேலிக்கு உள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் அளவு தலைகீழாகத் தெரிவதற்குக் காரணம் ஃப்ளோட், அதாவது டேங்க்குக்குள் மிதந்து அளவை மீட்டருக்குச் சொல்லும் சென்சார். பெட்ரோல் குறையும்போது சில ஃப்ளோட்டுகளில் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சிலவற்றில் இறங்கும். உங்கள் டேங்க்கில் இருப்பது மீட்டர் எதிர்பார்க்கும் வகைக்கு எதிரானது. மீட்டர் எந்த மாடலுடையதோ அதே மாடலின் ஃப்ளோட்டைத் தேடி வாங்குங்கள். மூன்றாவது மீட்டருக்கு எடுத்து வைத்த பணம் இதற்குப் பயன்படட்டும். பைக் டேங்க்கின் ஆழம் வேறு என்பதால் ஃப்ளோட்டின் கம்பியை வளைத்தோ நீட்டியோ பொருத்த வேண்டியிருக்கும். அந்த வேலையை டேங்க்குக்கு வெளியே, மேசையின் மேல் வைத்து, பெட்ரோல் வாடையே இல்லாத இடத்தில் செய்யுங்கள். பொருத்திய பின் ஒவ்வொரு லிட்டராக ஊற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தகைய மீட்டர்கள் பெட்ரோல் தளும்பலுக்கு ஆடாமலிருக்க மெதுவாகவே நகரும் என்பதால், ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பைக்கின் நியூட்ரல் விளக்கு சுவிட்ச் வழியாக எர்த் ஆகி எரிவது. ஆயில் பிரஷர் சுவிட்சும் அப்படியே வேலை செய்வதால், அந்த விளக்கை ஆயில் எச்சரிக்கைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஆல்டர்னேட்டரின் சார்ஜிங் விளக்குக்கு மீட்டரிலுள்ள எல்.இ.டி.யைக் கொடுக்காதீர்கள். அந்த விளக்கு வழியாகப் போகும் மின்சாரம்தான் பல ஆல்டர்னேட்டர்களைத் தொடக்கத்தில் உசுப்பிவிடுகிறது, எல்.இ.டி. விடும் மின்சாரம் அதற்குப் போதாமல் போகலாம். 12 வோல்ட், 3 வாட் பல்பு ஒன்றைத் தனியாக மாட்டிவிடுங்கள்.