பழைய அமெரிக்க கிறிஸ்துமஸ் கேட்டலாக் வாங்கும் முன்: கேள்வி-பதில்

சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட் போன்ற நிறுவனங்கள் வீடுவீடாகத் தபாலில் அனுப்பிய கிறிஸ்துமஸ் கேட்டலாக்குகளும், 1940 முதல் 60-கள் வரை ‘லைஃப்’, ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழ்களின் டிசம்பர் பக்கங்களை நிறைத்த விளம்பரங்களும் இன்று ஆன்லைனில் நன்றாக விலைபோகின்றன. அவற்றை வாங்குவது, வைத்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ‘1957 சியர்ஸ் விஷ் புக், ஒரிஜினல்’ என்று ஈபேயில் ஒன்று கண்ணில் பட்டது. விற்பவர் அட்டைப் படம் மட்டும்தான் போட்டிருக்கிறார். நம்பி வாங்கலாமா?

அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சியர்ஸின் முதல் கிறிஸ்துமஸ் கேட்டலாக் 1933-இல் வந்தது. ‘விஷ் புக்’ என்பது ஜனங்கள் வைத்த செல்லப் பெயர். நிறுவனம் அதை அட்டையில் போட்டது 1968-இல்தான். விற்பவர் தலைப்பில் அப்படி எழுதியிருப்பதில் தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1957 என்று சொல்லும் புத்தகத்தின் அட்டையிலேயே அந்தப் பெயர் அச்சாகியிருந்தால் மட்டும் தள்ளிவிடுங்கள்.

நூற்றுக்கணக்கான பக்கமுள்ள கேட்டலாக்கை முழுசாகப் போலியாக அடித்து விற்பது கட்டுப்படியாகாது. அதனால் போலியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். காணாமல் போன பக்கங்கள்தான் பெரிய தலைவலி. பிள்ளைகள் சாண்டாவுக்குக் கடிதம் எழுதும்போது பொம்மைப் படங்களைக் கத்தரித்து ஒட்டியிருப்பார்கள். போதாக்குறைக்கு, ரயில் பொம்மைப் பக்கம், சைக்கிள் பக்கம் என்று உருவித் தனித்தனியாக விற்கிற வியாபாரிகளும் உண்டு. இந்தப் புத்தகங்களுக்கு விலையே பொம்மைப் பக்கங்களால்தான். அவை போய்விட்டால் மீதியில் இருப்பது சட்டையும் போர்வையும்தான்.

பணம் கட்டும் முன் இந்தப் படங்களைக் கேளுங்கள்: பொருளகராதிப் பக்கம், அதில் ‘டாய்ஸ்’ தொடங்குவதாகக் காட்டும் பக்கம், அந்தப் பகுதியின் கடைசிப் பக்கம், நடுவில் செருகியிருக்கும் ஆர்டர் படிவம், முதுகு. பக்க எண்கள் விடாமல் ஓடுகின்றனவா என்று விற்பவரையே ஒருமுறை புரட்டிப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அந்தக் குறுஞ்செய்திதான் சாட்சி. ஒன்று மட்டும் கவனம்: சியர்ஸ் வட்டாரத்துக்கு ஒரு பதிப்பு அச்சடித்தது. நெட்டில் கிடைக்கும் ஸ்கேனோடு மொத்தப் பக்க எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்பதால் மட்டும் குறைப் பிரதி என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பேனாவால் சுழித்த பொம்மைகள், ஓரத்தில் ‘எனக்கு இது’ என்ற பிள்ளைக் கையெழுத்து எல்லாம் விலையைக் கொஞ்சம் குறைக்கும். எங்களைக் கேட்டால் அப்படிப்பட்ட பிரதிதான் ருசி. ஆர்டர் படிவமும் உறையும் பத்திரமாக இருந்தால் கூடுதல் கொடுக்கலாம். விலையை முடிவு செய்ய, விற்பவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். தேடலில் ‘விற்றுப்போனவை’ என்று வடிகட்டி, உண்மையில் கைமாறிய தொகையைப் பாருங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும்.

கேள்வி: கோகோ-கோலா சாண்டா விளம்பரம், 1950-களுடைய அசல் பக்கம் என்று வாங்கினேன். தாள் கெட்டியாக, வெள்ளையாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பெரும்பாலும் ஆமாம். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். பத்திரிகையிலிருந்து எடுத்த தாளின் மறுபக்கத்தில் வேறொரு விளம்பரமோ கட்டுரையின் துண்டோ கட்டாயம் இருக்கும். வெறுமையாக இருந்தால் அது மறு அச்சு. அடுத்து அளவு. ‘லைஃப்’ இதழ் ஏறக்குறைய 10½ அங்குல அகலம், 14 அங்குல உயரம். ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ சுமார் 7-க்கு 10. உங்களிடம் இருப்பது ஏ4 என்றால் சந்தேகப்படுங்கள், அது அமெரிக்கப் பத்திரிகைகளின் வழக்கமான அளவு அல்ல.

இன்னும் சந்தேகம் என்றால் நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். படத்தை விட்டுவிட்டு, அடியில் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து ஒரே மையில் திட்டமாக அடித்திருக்கும். கிராவ்யூர் முறையில், அதாவது பள்ளம் செதுக்கிய உருளையால் அச்சிட்டதாக இருந்தால் ஓரங்கள் ரம்பப் பல் மாதிரித் தெரியும், அப்போதும் மை ஒன்றுதான். ஸ்கேன் செய்து அடித்த பிரதியில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாக உடைந்திருக்கும். லேசர் பிரிண்ட் என்றால் எழுத்தைச் சுற்றிப் பொடி சிதறியிருக்கும். இங்க்ஜெட் என்றால் ஒழுங்கில்லாத தூவல். பழைய புள்ளிகளின்மேல் புதுப் புள்ளிகள் விழுவதால், சாண்டாவின் சிவப்பு அங்கி போன்ற சமமான நிறப்பரப்பில் அலையலையாக ஒரு நெளிவும் தெரியும். இது தெரிந்துவிட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கும் உதவும், ஓரளவுக்கு. தாளுக்குப் பளிச்சென்ற வெண்மை தரும் ரசாயனம் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1950-ஐ ஒட்டி. அதற்கு முந்தையது என்று சொல்லும் தாள் நீல வெள்ளையாக ஜொலித்தால் பொய். 1955-க்குப் பிந்தைய தாளுக்கு இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

அந்தச் சாண்டாவை வரைந்தவர் ஹேடன் சண்ட்ப்ளோம். 1931 முதல் 1964 வரை அந்த நிறுவனத்துக்காக வரைந்தார். அவர்தான் சாண்டாவுக்குச் சிவப்பு அங்கி போட்டார் என்று விற்பவர்கள் எழுதுவதை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். சிவப்பு அங்கிச் சாண்டா அதற்கு முன்பே உண்டு. செஸ்டர்ஃபீல்டு சிகரெட் பெட்டிகளோடு ரொனால்டு ரீகன் உட்கார்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் விளம்பரத்திலும் கவனமாக இருங்கள். மனிதர் பின்னால் அதிபரானதால் அது திரும்பத் திரும்ப அச்சிடப்பட்ட படம். நான்கு மூலையிலும் துளையிட்ட மெல்லிய தகர போர்டுகள் அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்பவை. பழசு என்று நினைத்துக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: தனிப் பக்கமாக வாங்குவது லாபமா, முழு இதழா?

முழு இதழ். நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வந்த ‘லைஃப்’ ஒன்றில் டஜன்கணக்கில் பண்டிகை விளம்பரம் இருக்கும். பிரபலமான இரண்டு மூன்று பக்கங்களின் விலைக்கு முழு இதழே கிடைத்துவிடும். தேதியும் அட்டையிலேயே இருப்பதால் அசலா என்ற கேள்வியும் எழாது. கடல்கடந்து வாங்குவதென்றால்தான் கணக்கு மாறும்: இதழ் கனம், தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும். பக்கங்களைப் பார்த்து ரசிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எதையும் வாங்க வேண்டாம். பல ஆண்டுகளின் சியர்ஸ், வார்ட், ஜே.சி. பென்னி நிறுவனக் கேட்டலாக்குகள் முழுதாக ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: அந்தக் கேட்டலாக்குகளில் எல்லாமே கொள்ளை மலிவாகத் தெரிகிறதே. அந்தக் காலத்தில் நிஜமாகவே அப்படித்தானா?

இல்லை. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 1955-இன் ஒரு டாலர் 2024-இல் 11, 12 டாலருக்குச் சமம். 1968-இன் டாலருக்கு 9-ஆல் பெருக்கினால் போதும். இதைவிடத் தெளிவான கணக்கு கூலி. 1956-இல் மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 1 டாலர் ஆனது. அப்படியானால் 20 டாலர் பொம்மை ரயில் ஒரு தொழிலாளிக்கு 20 மணி நேர உழைப்பு, பாதி வாரச் சம்பளம். 1968-இல் ஊதியம் 1.60 டாலர், அதே விலைக்கு பன்னிரண்டரை மணி நேரம்.

அச்சிட்டிருக்கும் விலையும் முழு விலை அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே பொடி எழுத்தில் பார்சல் எடை போட்டிருக்கும். அதையும் தூரத்தையும் வைத்துத் தபால் கூலி வாங்குபவர் தலையில்தான். மேலே மாநில விற்பனை வரி. பாட்டரி தனி. மாதத் தவணைக்கு வட்டி. இந்தச் செலவைச் சமாளிக்கத்தான் வங்கிகளில் ‘கிறிஸ்துமஸ் கிளப்’ நடந்தது: நம்மூர் தீபாவளிச் சீட்டு மாதிரி வாராவாரம் சின்னத் தொகை கட்டி, பண்டிகைக்கு முன் மொத்தமாக எடுத்துக்கொள்வது. பல வங்கிகள் அதற்கு வட்டியே தரவில்லை.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். வாங்கிய இரண்டு கேட்டலாக்குகள் ஓரமெல்லாம் பழுப்பேறி உதிர்கின்றன. லேமினேட் செய்துவிடலாமா?

செய்யாதீர்கள். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி ஒட்டிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. தாள் உள்ளேயே தொடர்ந்து மக்கும். கேட்டலாக்கின் பெரும்பகுதி மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்த மலிவுத் தாள். அதிலுள்ள லிக்னினும் (மர நார்களை இறுக்கிப் பிடிக்கும் பொருள்) அமிலமும்தான் பழுப்புக்குக் காரணம். அதை நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம்.

வாங்கி வந்ததும் முதல் வேலை பூச்சி. புத்தகத்தை இரண்டு ஜிப் பைகளில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, வீட்டு ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். இராமபாணப் பூச்சியும் அதன் முட்டையும் ஒழியும். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் பையைத் திறக்கவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் ஈரம் பனிக்கும். வழவழப்பான வண்ணப் பக்கங்களில் களிமண் பூச்சு இருப்பதால் நனைந்த இரு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது.

அப்புறம் மூடி இறுக்கமான பெட்டி. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் அது சர்வசாதாரணம். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானியும், துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லும் வையுங்கள். ஜெல் தாளைத் தொடக் கூடாது. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். பெட்டிக்குள் ஈரப்பதம் 50 சதவீதம் இருப்பதே குறி. ரொம்பவும் காய்ந்தால் முதுகுப் பசை பாளம்பாளமாக வெடிக்கும். பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக் உறையை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். உறை பாலிப்ரொப்பிலீனாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும், பிவிசி ஆகாது. கிழிசலுக்கு செலோ டேப் போடுவது, ஐந்தாறு வருஷத்தில் மஞ்சள் கறைக்கு நீங்களே முன்பணம் கட்டுவது. தடித்த கேட்டலாக்கைத் தட்டையாக விரிக்காமல், இருபுறமும் துணிச்சுருள் கொடுத்து ‘வி’ வடிவில் திறந்து படியுங்கள்.

ஃபிரேம் போடும் பக்கத்துக்குக் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டைச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். வெயில் படும் சுவர் ஆகாது. அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் நிற்கும். கடைசியில் சாண்டாவின் அங்கி நீலம் பாய்ந்து நிற்கும். நல்ல ஸ்கேன் எடுத்து அந்தப் பிரிண்டை மாட்டிவிட்டு அசலைப் பெட்டியில் வைப்பதே எங்கள் சிபாரிசு.

கேள்வி: கேட்டலாக்கில் பார்த்த குமிழி விளக்குச் சரமும் அலுமினிய கிறிஸ்துமஸ் மரமும் பழைய பொருளாகவே கிடைக்கின்றன. இந்தியாவுக்குக் கொண்டுவந்து பயன்படுத்தலாமா?

விளக்கை எரிக்கும் எண்ணத்தில் வாங்காதீர்கள். நோமா நிறுவனம் 1946-இல் சந்தைக்குக் கொண்டுவந்த குமிழி விளக்கில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. ஏறக்குறைய 40 டிகிரியில் கொதிக்கும் திரவம் என்பதால்தான் சின்ன பல்பின் சூட்டுக்கே குமிழி விடுகிறது. குழாய் உடைந்தால் அந்த ஆவி நச்சு. இதைவிட ஆபத்து ஒயர்: வருஷக்கணக்கில் பரணில் கிடந்து உறை வெடித்திருக்கும். தவிர, அந்தச் சரங்கள் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கானவை. 15 வோல்ட் பல்பு எட்டைத் தொடராகக் கோத்தது பழைய சரம். நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நிமிடமே போய்விடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் ஒயர் பழசு பழசுதான். காட்சிக்கு மட்டும் வையுங்கள்.

அலுமினிய மரத்தைத் தாராளமாக வாங்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக் ஊரில் 1959 முதல் செய்த ‘எவர்கிளீம்’ தான் அதிகம் கிடைக்கும். பெட்டியின்மேல் கிளை எண்ணிக்கை அச்சாகியிருக்கும். விற்பவரிடம் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், ஒவ்வொரு கிளைக்கும் அதன் காகித உறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். உறையில்லாமல் கிடந்த கிளைகள் கசங்கி உதிர்ந்திருக்கும். நடுத்தண்டின் துளைகள் விரிந்திருந்தால் கிளை தொங்கும்.

இந்த மரத்தில் சீரியல் பல்பு சுற்றவே கூடாது. எங்காவது ஒயர் உரிந்திருந்தால் மரம் முழுதும் மின்சாரம் பாயும். அதனால்தான் தள்ளி வைத்த விளக்குக்கு முன்னால் வண்ணச் சக்கரம் சுழலும் ஏற்பாட்டையும் கூடவே விற்றார்கள். சக்கரம் வாங்கினால் மோட்டார் சுழல்வதை வீடியோவாகக் கேளுங்கள், வண்ணத் தகடுகள் பல்பின் சூட்டில் வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அதுவும் 120 வோல்ட்தான். இங்கே பயன்படுத்த, பல்பையும் மோட்டாரையும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து 230 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய விளம்பரப் படங்களை வாழ்த்து அட்டையாக அடித்து விற்கலாமா?

அமெரிக்கச் சட்டப்படி 1964-க்கு முன் அங்கே வெளியானவற்றுக்கு 28-ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காதவை பொதுவுடைமை. புதுப்பித்தார்களா என்று படத்துக்குப் படம் பார்க்க வேண்டும். வணிகச்சின்னத்துக்கு இந்தக் கெடு பொருந்தாது என்பதால் நிறுவனப் பெயரோ லோகோவோ தெரியும் படத்தைத் தொடாதீர்கள். விற்பதற்கென்று அடிப்பதானால், பெயரில்லாத மணி, மரம், பரிசுப் பொட்டலம் போன்ற ஓரச் சித்திரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.