பழைய எம்.ஆர்.ஐ. படம் போதாதா?

கேள்வி: டிஸ்க் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில் கால்வலி திரும்பிவிட்டது. மறுபடி எம்.ஆர்.ஐ., அதுவும் ஊசி போட்டு எடுக்கச் சொல்கிறார்கள். பழைய படம் இருக்கிறதே?

பதில்: அது அறுவைக்கு முந்தைய முதுகு. இப்போது நரம்பை அழுத்துவது மறுபடி பிதுங்கிய டிஸ்க்கா, ஆறிய இடத்தில் வளர்ந்த தழும்பா என்று தெரிய வேண்டும். சாதாரணப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியலாம், கடோலினியம் என்ற, படத்தில் வித்தியாசத்தை எடுத்துக்காட்டும் மருந்தை ஊசியாகப் போட்டால் ரத்த ஓட்டமுள்ள தழும்பு பளிச்சென்று தெரியும், டிஸ்க் பெரும்பாலும் இருட்டாகவே நிற்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். அறுவையில் முதுகெலும்பில் திருகு வைத்திருந்தால் அது சரியாக நிற்கிறதா, எலும்பு கூடியதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன்தான் நல்லது. அப்புறம், பழைய படத்தையும் கையோடு கொண்டுபோங்கள், ஒப்பிட அது கட்டாயம் வேண்டும். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ படத்துக்கு நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.