கொதிநீரில் சுருள வேண்டிய தோல்

*ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். தங்கைக்கு வாய் திறந்தால் காதோரம் 'டக்' என்று சத்தம் வரும். ஒரு மாதமாகச் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் வாயில் இரண்டு விரல்தான் நுழைகிறது. உறவுக்காரர் ஒருவர் தாடையை இழுத்துவிடுகிறார். மூட்டுக்குள், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி ஒன்று வைத்தால், எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் டிஸ்க் புதிதாக வளருமாமே, வேலூரில் செய்வார்களா? பன்றித் திசு என்கிறார்கள், உள்ளே அழுகிவிடாதா?*

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த உறவுக்காரரை நிறுத்துங்கள். சத்தம் நின்று வாயும் அடைத்துக்கொண்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. டிஸ்க் முன்னால் நழுவி, திரும்பாமல் நிற்கிறதோ என்று பார்க்க வேண்டும். பழகாத கை இழுத்தால் டிஸ்குக்குப் பின்னாலுள்ள, நரம்பும் ரத்தக்குழாயும் நிறைந்த திசு நசுங்கும். ஒரு மாதம் இதைச் செய்யவிட்டிருக்கிறீர்களே!

வேலூர் என்ன, எந்த ஊரிலும் இந்தச் சாரம் இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. வாய்-முக அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் மூடியும் திறந்தும் எம்ஆர்ஐ எடுப்பார்கள். மெத்தென்ற சாப்பாடு, பல்லின் மேல் மாட்டும் ஸ்ப்ளின்ட், பயிற்சி, தேவைப்பட்டால் இரண்டு ஊசி செருகி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலால் மூட்டைக் கழுவுவது. பெரும்பாலோருக்கு இதுவே போதும்.

அழுகிவிடாதா என்று தோல்காரரான நீங்களே கேட்கலாமா? சுண்ணாம்பில் ஊறி, மயிர் போய், சதை சீவியபின் உங்கள் கையில் மிஞ்சுவது கொலாஜன் என்ற புரத இழைகளின் வலை. சாரத்துக்காகப் பன்றியின் சிறுநீர்ப்பையில் செல்களைக் கழுவி நீக்கினால் மிஞ்சுவதும் பெரும்பாலும் அதுதான். தாடை டிஸ்கும் பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜனே. இதற்குமேல்தான் வழி பிரிகிறது. நீங்கள் தோல் கெடாமலிருக்கக் குரோம் உப்பு ஏற்றி, ஒரு துண்டை நறுக்கிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பீர்கள். பச்சைத்தோல் 60 டிகிரியைத் தாண்டியதுமே சுருண்டுவிடும், குரோம் முழுக்க ஏறியது அசையாமல் கிடக்கும். மூட்டுக்குள் வைக்கிற சாரம் அந்தச் சோதனையில் தோற்க வேண்டும். உடம்பின் செல்கள் அதைத் தின்றுகொண்டே தங்கள் சொந்தக் கொலாஜனைப் பின்னுகின்றன. நாய்களின் தாடையில் டிஸ்கை எடுத்துவிட்டு இந்தச் சிறுநீர்ப்பைத் தாளை வைத்தபோது சில மாதங்களில் டிஸ்க் போன்ற திசு உருவானது. இழைகளை ரசாயனத்தால் இறுகக் கட்டிவிட்டால் செல்களால் தின்ன முடியாது, சுற்றிலும் தழும்புதான் கட்டும்.

கரையும் வேகமும் பொருந்த வேண்டும். செயற்கைப் பொருளில் சாரம் செய்தால், பாலிகிளைகாலிக் அமிலம் சில வாரங்களிலேயே பலமிழக்கும், புதுத் திசு அதற்குள் தாங்காது. பாலிகாப்ரோலாக்டோன் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடக்கும். டிஸ்கின் நடுப்பகுதியோ ஒரு மில்லிமீட்டர் கணக்குத்தான், அங்கே ரத்தக்குழாயும் கிடையாது. மெல்லும்போது பாரம் விழுவதும் அங்கேதான்.

அழியாத பொருள் என்ன செய்யும் என்பதை 1980-களில் அமெரிக்கா பார்த்தது. டிஸ்குக்குப் பதிலாகப் புரோபிளாஸ்ட்-டெஃப்ளான் என்ற செயற்கைப் பொருளாலான தகடுகளைத் தாடை மூட்டில் வைத்தார்கள். மெல்ல மெல்லத் தகடு துகளானது, துகளைத் தின்ன முடியாத ராட்சதச் செல்கள் பக்கத்து எலும்பை அரித்தன. சிலருக்கு மண்டையோட்டின் அடிப்பகுதிவரை போனது. கடைசியில் திரும்பப் பெற்றார்கள்.

தங்கையின் மேல் பல் நுனிக்கும் கீழ்ப் பல் நுனிக்கும் நடுவே ஸ்கேல் வைத்து வாராவாரம் குறித்து வையுங்கள், மருத்துவரிடம் அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். சாதாரணமாக 40 மில்லிமீட்டராவது திறக்க வேண்டும். எம்ஆர்ஐ அறிக்கையில் டிஸ்கில் ஓட்டை என்று இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.